டிஎஸ்எல்ஆர் தகராறு செய்தால் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஆறேழு வருடப் பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாட்டும் கேமரா), படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று எரர் காட்டி நின்றுவிடுகிறது, அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடுகிறது, ஃபோகஸ் முன்புபோலக் கூர்மையாக இல்லை, வானத்தை எடுத்தால் கறுப்புப் புள்ளிகள் விழுகின்றன. சர்வீசுக்குக் கொடுப்பதா, தலைமுழுகிவிட்டுப் புதிதாக வாங்குவதா?

இரண்டையும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். நீங்கள் சொன்னது மூன்று தனித்தனிக் கோளாறுகள், ஒன்றுக்கொன்று பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. எல்லாம் ஒரே சமயத்தில் கண்ணில் பட்டதால் "கேமரா போச்சு" என்று மொத்தமாகத் தோன்றுகிறது. பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்), லென்ஸ், கார்டு, பேட்டரி, இவற்றோடு நீங்களோ உங்களிடம் இரவல் வாங்கியவரோ மாற்றிவைத்த செட்டிங், இந்த ஐந்தில் எது தப்பு என்று பிரித்துப் பார்க்காமல் சர்வீசுக்குப் போனால் அங்கேயும் ஊகம்தான் நடக்கும், அந்த ஊகத்துக்குப் பணம் நீங்கள் கட்டுவீர்கள். அதனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தெரிந்தவரிடம் ஒரு லென்ஸ் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள், உங்கள் லென்ஸை அவர் பாடியில் மாட்டிப் பாருங்கள். கோளாறு லென்ஸோடு போகிறதா, பாடியிலேயே தங்குகிறதா என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கும் முன்னால், மெனுவில் போய் எல்லா செட்டிங்குகளையும் ஆரம்ப நிலைக்குத் திருப்பிவிடுங்கள். இது ரொம்பச் சாதாரணமாகத் தெரியும், ஆனால் என்னிடம் வந்த "ரிப்பேர்" கேமராக்களில் கணிசமானவை இதிலேயே குணமாயின. எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங்) மைனஸ் 2-இல் நின்றுகொண்டு எல்லாப் படமும் இருட்டாக வந்தது, முந்தின ராத்திரி வைத்த ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 6400 அப்படியே இருந்து பகல் படமெல்லாம் மணல் தூவியதுபோல வந்தது, செல்ஃப் டைமர் மறந்துபோய் பட்டன் வேலை செய்யவில்லை என்று நினைத்தது. இவற்றுக்கெல்லாம் திருப்புளி தேவையில்லை.

சரி, எரர் விஷயத்துக்கு வருவோம். திரையில் வரும் எண்ணைக் குறித்துவையுங்கள், அது சும்மா வருவதில்லை. கேனனில் எரர் 01 என்றால் பாடிக்கும் லென்ஸுக்கும் இடையே பேச்சுவார்த்தை அறுந்துவிட்டது என்று அர்த்தம். 02 வந்தால் கார்டைப் படிக்க முடியவில்லை, 04 வந்தால் கார்டில் எழுத முடியவில்லை, 05 என்றால் உள்ளேயிருக்கும் ஃபிளாஷ் மேலே எழவில்லை. பழைய பாடிகளில் எதற்கெடுத்தாலும் 99 என்று ஒரே எண்ணைக் காட்டும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நிக்கானில் அபர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை, எண் சிறிதானால் துளை பெரிது) எண் வரவேண்டிய இடத்தில் எஃப் எழுத்தும் இரண்டு கோடும் வந்தால் லென்ஸ் இருப்பதையே பாடி உணரவில்லை. எஃப்இஇ என்று வந்தால் பெரும்பாலும் கோளாறே கிடையாது: அபர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸில் அந்த வளையத்தை மிகப் பெரிய எண்ணில் வைத்துப் பூட்ட வேண்டும், நீங்கள் பூட்டவில்லை, அவ்வளவுதான்.

லென்ஸ் தொடர்பான எரர் என்றால் முதலில் தொடுமுனைகளைத் துடையுங்கள். கேமராவை அணைத்துவிட்டு லென்ஸைக் கழற்றினால் லென்ஸின் பின்புறத்திலும் பாடியின் வளையத்திலும் சின்னச் சின்னத் தங்க நிறப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். விரல் எண்ணெயும் காற்றின் ஈரமும் படிந்து நாளாவட்டத்தில் அவை மங்கிப்போகும். பஞ்சு இல்லாத துணியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு தொட்டு (துணி ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது) லென்ஸ் பக்கத்தை நன்றாகத் துடையுங்கள். பாடி பக்கத்தைத் துடைக்கும்போது வாய் கீழே பார்த்தபடி பிடித்துக்கொள்ளுங்கள், அங்கே இருப்பவை ஸ்பிரிங் ஊசிகள், அழுத்தித் தேய்க்காதீர்கள். பென்சில் அழிப்பானால் தேய்க்கச் சொல்பவர்கள் உண்டு. மினுங்கும்தான், ஆனால் அந்த ரப்பர் தூள் உள்ளே விழுந்தால் அதைத் துரத்திக்கொண்டு ஒரு வாரம் அலைய வேண்டும். நான் செய்வதில்லை.

துடைத்தும் எரர் வருகிறதா? அப்படியானால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், இதுதான் இந்தப் பதிலிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கேமராவை அபர்ச்சர் பிரையாரிட்டியில் (அபர்ச்சர் எண்ணை நீங்களே தேர்ந்தெடுக்கும் முறை) வைத்து, லென்ஸ் தரும் மிகச் சிறிய எண்ணை (எஃப் 3.5 மாதிரி) தேர்ந்தெடுத்துப் பத்துப் படம் எடுங்கள். அப்புறம் எஃப் 8-இல் பத்து. முதல் பத்தும் ஒழுங்காக விழுந்து, எஃப் 8-க்குப் போன மறு நொடியே எரர் வந்தால் பாடி சுத்தம், லென்ஸுக்குள் அபர்ச்சர் இயங்கும் பகுதிதான் குற்றவாளி. காரணம் எளிது. நீங்கள் வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல்) பார்க்கும் நேரம் முழுவதும், எந்த எண்ணை வைத்திருந்தாலும், லென்ஸின் இதழ்கள் முழுக்கத் திறந்தே இருக்கும், இல்லாவிட்டால் வியூஃபைண்டர் இருட்டாகிவிடும். பட்டனை முழுதாக அழுத்தும் கணத்தில்தான் இதழ்கள் எஃப் 8 அளவுக்குச் சுருங்கி, படம் விழுந்ததும் மறுபடி விரியும். எஃப் 3.5-இல் எடுக்கும்போது அவை அசையவே வேண்டியதில்லை, அதனால் நோய் வெளியே தெரியாது. கேனன் லென்ஸ்களில் இந்த இதழ்களை லென்ஸுக்குள்ளேயே இருக்கும் குட்டி மோட்டார் ஓட்டுகிறது, அதற்கு மின்சாரம் கொண்டுபோவது காகிதம்போல மெலிந்த ஒரு ரிப்பன் கேபிள். ஜூமைத் திருகும் ஒவ்வொரு தடவையும் அது வளைந்து நிமிர்கிறது, சில வருடத்தில் மடிப்பில் விரிசல் விடுகிறது. கேமராவோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸ்களில் இது சகஜம். ஜூமில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் எரர் வந்து, இன்னொரு இடத்தில் வராமல் இருந்தால் ரிப்பன்தான் என்று நான் அநேகமாக முடிவுகட்டிவிடுவேன். உங்களுக்கு விட்டு விட்டு வருகிறது என்பதைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியதும் இதுதான்.

நிக்கானின் பழைய வகை லென்ஸ்களில் கதை வேறு. பின்புறத்தில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும், பாடி அதைத் தள்ளிப் பிடித்து இதழ்களைத் திறந்துவைத்திருக்கும், படம் எடுக்கும் கணத்தில் விட்டுக்கொடுத்தால் லென்ஸுக்குள் இருக்கும் ஸ்பிரிங் இதழ்களைச் சுருக்கும். லென்ஸைக் கையில் வைத்து அதை விரலால் மெல்லத் தள்ளி விடுங்கள், இதழ்கள் சட்டென்று துள்ளித் திரும்ப வேண்டும். சோம்பேறித்தனமாக நகர்ந்தால் இதழில் எண்ணெய் கசிந்திருக்கிறது. இதில் எரர் எதுவும் வராது, பெரிய எண்களில் எடுத்த படம் மட்டும் வெளுத்துப்போய் வரும், ஏனென்றால் ஷட்டர் (சென்சருக்கு முன்னால் திறந்து மூடும் திரை) திறப்பதற்குள் இதழ்கள் சுருங்கி முடிக்கவில்லை.

அடுத்தது ஃபோகஸ். ஒரு நண்பர் தன் கேமராவைக் கொண்டுவந்து "லென்ஸ் கெட்டுப்போச்சு, எதைப் பார்த்தாலும் மங்கல்" என்றார். வாங்கிப் பார்த்தேன், எனக்கும் மங்கல்தான். ஆனால் வியூஃபைண்டருக்குள் கீழே தெரியும் எண்களும் சேர்ந்து மங்கலாக இருந்தன. அந்த எண்களுக்கும் லென்ஸுக்கும் எந்த உறவும் கிடையாது. கண் வைக்கும் இடத்தின் ஓரத்தில் இருக்கும் டயாப்டர் சக்கரம் (வியூஃபைண்டரை அவரவர் பார்வைக்குத் தக்கபடி சரிசெய்வது), பையில் உரசி ஒரு கோடிக்குத் திரும்பியிருந்தது. நாலு சொடுக்கு திருப்பியதும் எல்லாம் பளிச். மனிதர் இரண்டு மாதமாகப் புது லென்ஸுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தாராம். எனவே முதலில் எண்களைப் பாருங்கள், எண்கள் கூர்மையாக இருந்து காட்சி மங்கலாக இருந்தால் மட்டும் லென்ஸைச் சந்தேகியுங்கள்.

ஆட்டோ ஃபோகஸ் ஓடவே இல்லை என்றால், லென்ஸ் பக்கவாட்டில் உள்ள ஸ்விட்ச் மேனுவலில் இருக்கிறதா, பொருளுக்கு ரொம்பக் கிட்டத்தில் நிற்கிறீர்களா, வெறும் சுவரைப் பார்த்துக் குறிவைக்கிறீர்களா என்று பாருங்கள். நிக்கானின் டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸை அதில் மாட்டினால் கையால்தான் திருக வேண்டும். இரவல் லென்ஸ் வாங்கிச் சோதிக்கும்போது இதை மறந்து பாடியைத் திட்டாதீர்கள்.

உங்கள் புகார், ஃபோகஸ் பிடிக்கிறது ஆனால் கூர்மை இல்லை என்பது. இதற்கு முக்காலியும் ஐந்து நிமிடமும் போதும். செய்தித்தாள் மாதிரி எழுத்து நிறைந்த எதையாவது சுவரில் நேராக ஒட்டி, கேமராவை முக்காலியில் நிறுத்தி, நடுப் புள்ளியை மட்டும் தேர்ந்து, லென்ஸை முழுக்கத் திறந்து, வியூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்து ஐந்து படம் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஃபோகஸ் வளையத்தை வேண்டுமென்றே கலைத்துவிடுங்கள். அப்புறம் லைவ் வியூவை ஆன் செய்து, திரை வழியாக ஃபோகஸ் செய்து இன்னொரு ஐந்து. கணினியில் முழு அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லைவ் வியூ படங்கள் கூர்மை, வியூஃபைண்டர் படங்கள் மங்கல் என்றால் லென்ஸின் கண்ணாடியில் குறையில்லை, ஃபோகஸ் அளக்கும் பாதையில்தான் இடறுகிறது. வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது பாடிக்குள் இருக்கும் முக்கிய ஆடியின் (முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி) நடுப்பகுதி கொஞ்சம் ஒளியைப் பின்னால் விடும், அதன் முதுகில் இருக்கும் குட்டி ஆடி அந்த ஒளியைப் பாடியின் அடித்தளத்தில் உள்ள தனி ஃபோகஸ் சென்சருக்கு அனுப்பும். படம் விழும் சென்சர் வேறு, ஃபோகஸ் பார்க்கும் சென்சர் வேறு. இரண்டுக்குமான தூரம் மயிரிழை பிசகினாலும் ஃபோகஸ் முன்னாலோ பின்னாலோ போய் விழும். லைவ் வியூவில் படம் விழும் சென்சரே நேரடியாகப் பார்ப்பதால் அந்தப் பிசகு வராது. நடுத்தர, உயர்தரப் பாடிகளில் இதைத் திருத்த மெனுவிலேயே வசதி உண்டு, லென்ஸுக்கு லென்ஸ் தனியாகச் சேமிக்கலாம். ஆரம்ப நிலைப் பாடிகளில் அது இருக்காது, சர்வீசில்தான் சரிசெய்ய வேண்டும், அல்லது நின்ற பொருட்களுக்கு லைவ் வியூவிலேயே காலத்தை ஓட்டலாம்.

பத்துப் படமும் ஒரே மாதிரி மங்கல் என்றால், முன்னால் மாட்டிய மலிவான ஃபில்டரைக் கழற்றிவிட்டு மறுபடி எடுங்கள். பத்துமே கூர்மையாக வந்தால் கோளாறு உங்கள் கையில்: முக்காலியில் சரியாக வருவது கையில் வராததற்கு ஷட்டர் வேகம் போதாததுதான் காரணம். 200 மிமீ லென்ஸுக்குக் குறைந்தது 1/200 நொடி, சின்ன சென்சர் பாடியில் 1/300 கிட்ட வைத்துக்கொள்வது நல்லது.

கறுப்புப் புள்ளிகள் சென்சரில் விழுந்த தூசிதான், இதற்காகப் பயப்பட வேண்டாம். உண்மையில் தூசி உட்காருவது சென்சருக்கு முன்னாலிருக்கும் மெல்லிய கண்ணாடித் தகட்டில். அபர்ச்சரைச் சுருக்கச் சுருக்க ஒளிக் கற்றை ஒடுங்கி அந்தத் தூசியின் நிழல் கூர்மையாக விழும், அதனால்தான் எஃப் 16-இல் எடுத்த வானத்தில் தெரிவது எஃப் 4-இல் எடுத்த முகத்தில் தெரிவதில்லை. எஃப் 22 வைத்து, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து, வெற்று வானத்தையோ கணினியின் வெள்ளைத் திரையையோ கேமராவை மெல்ல ஆட்டிக்கொண்டே எடுங்கள். ஆட்டுவதால் எதிரில் உள்ள அழுக்கெல்லாம் கலைந்துபோகும், தூசி கேமராவோடு சேர்ந்தே ஆடுவதால் அது மட்டும் அப்படியே நிற்கும். பாடியை எதிரே வைத்து உள்ளே பார்க்கும்போது இடம் வலம் மாறாது, மேல் கீழ் மட்டும் தலைகீழ்: படத்தில் மேலே இருக்கும் புள்ளி சென்சரில் கீழே இருக்கும்.

சுத்தம் செய்யப் பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்யுங்கள், மெனுவில் சென்சரைக் கையால் சுத்தம் செய்யும் தேர்வைக் கொடுங்கள், ஆடி மேலே போய் ஷட்டர் திறந்து நிற்கும். பல்ப் முறையில் (பட்டனை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருப்பது) திறந்துவைத்துச் செய்யவே செய்யாதீர்கள், விரல் நழுவினால் ஷட்டர் உங்கள் கருவியின் மேலேயே வந்து மூடும். பாடியைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் ஊதுகுடுவையின் மூக்கை உள்ளே நுழைக்காமல் வாசலில் வைத்தே பலமாக நாலைந்து தடவை ஊதுங்கள். பெரும்பாலான தூசி இதிலேயே போய்விடும். டப்பாவில் அடைத்து விற்கும் அழுத்தக் காற்று வேண்டாம், அதிலிருந்து திரவம் பீய்ச்சி அடிக்கும். வாயால் ஊதுவது அதைவிட மோசம். ஒரு தடவை அவசரத்தில் நானே ஊதினேன், இரண்டு தூசி போய் ஏழெட்டு எச்சில் துளி வந்தது, அந்த வட்டங்களைப் போக்க ஈரத் துடைப்பான் வாங்க வேண்டியதாயிற்று. அப்படி வாங்கினால் உங்கள் சென்சரின் அகலத்துக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்குங்கள் (ஏபிஎஸ்-சி எனும் சின்ன சென்சருக்கு 16 மிமீ, முழு ஃபிரேம் எனும் பெரிய சென்சருக்கு 24 மிமீ), ஒரு பக்கம் ஒரே இழுப்பு, முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது.

ஊதினாலும் அசையாமல், ஓரத்தில் மெல்லிய வளையத்தோடு தெரியும் புள்ளிகள் எண்ணெய்த் துளிகள், ஷட்டர் பொறியிலிருந்து தெறிப்பவை. 2012-இல் வந்த நிக்கான் டி600 இதற்குப் பேர்போனது, மறு வருடமே டி610 வந்ததும் பிறகு டி600-க்கு ஷட்டரை இலவசமாக மாற்றிக் கொடுத்ததும் கேமராக்காரர்களுக்குத் தெரிந்த கதை.

வியூஃபைண்டரில் தெரிந்து படத்தில் தெரியாத தூசியை விட்டுவிடுங்கள். அது ஆடியிலோ அதற்கு மேலிருக்கும் ஃபோகஸ் திரையிலோ இருக்கிறது. ஆடியின் வெள்ளிப் பூச்சு கண்ணாடிக்கு முன்பக்கம் இருக்கிறது, ஃபோகஸ் திரை மிருதுவான பிளாஸ்டிக். துடைத்தால் கீறல் நிச்சயம், கீறல் தூசியைவிட அசிங்கம்.

பழைய பாடி என்பதால் ஷட்டரையும் ஒரு கை பார்த்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் சீராக விழும் சுவர் எதிரில் மேனுவல் முறையில், லென்ஸை முழுக்கத் திறந்துவைத்து (அபர்ச்சர் இதழ்களின் குறை இதில் கலக்காமல் இருக்க), ஐஎஸ்ஓ 100-இல் 1/60, 200-இல் 1/125 என்று இரட்டித்துக்கொண்டே ஐஎஸ்ஓ 6400-இல் 1/4000 வரை ஏழு படம். கணக்குப்படி ஏழும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். வேகமான படங்களில் மட்டும் ஒரு பக்கம் இருண்டுவந்தால் ஷட்டர் திரைகள் தள்ளாடுகின்றன. ஆரம்ப நிலைப் பாடிகளின் ஷட்டரைச் சுமார் 1,00,000 இயக்கத்துக்கு என்று சோதித்து விற்கிறார்கள், உயர்தரத்தில் 5,00,000 வரை, ஆனால் அது ஆயுள் ரேகை இல்லை, முன்னும் போகும் பின்னும் போகும். குழல் விளக்கடியில் இந்தச் சோதனை வேண்டாம்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 தடவை சிமிட்டும், அந்தப் பட்டையைப் பார்த்து ஷட்டர் போச்சு என்று நினைத்துவிடுவீர்கள். ஃபிளாஷ் போட்டு 1/200, 1/250-க்கு மேலே போனால் ஓரத்தில் விழும் கறுப்புப் பட்டையும் கோளாறு இல்லை, திரையின் நிழல்.

கார்டும் பேட்டரியும் சுருக்கமாக. கார்டைக் கணினியில் ஃபார்மேட் செய்யாமல் கேமராவிலேயே செய்யுங்கள். படம் பாதி சாம்பல் நிறமாக வந்தால் அந்தக் கார்டை உடனே ஓய்வில் வையுங்கள். படங்கள் அழிந்துபோனால் அதில் இன்னொரு படம்கூட எடுக்காமல் ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருளை ஓடவிடுங்கள், மேலே எழுதாதவரை பெரும்பாலும் கிடைத்துவிடும். தேதியும் நேரமும் அடிக்கடி ஆரம்பத்துக்கே போனால் பெரிய பேட்டரி காரணம் இல்லை, கடிகாரத்துக்கென்று உள்ளே இருக்கும் குட்டிப் பேட்டரி தீர்ந்திருக்கிறது. எரர் வரும்போது பேட்டரி பாதிக்குக் கீழே இருக்கிறதா என்று மட்டும் கவனித்துவையுங்கள், ஆடியும் ஷட்டரும் ஒரே கணத்தில் இழுக்கும் மின்சாரத்தைக் கிழட்டுப் பேட்டரியால் தர முடியாமல் போவதுண்டு.

லென்ஸைக் கழற்றிய கையோடு அதன் வழியாக ஒரு டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சை. தூசி நாலு இருந்தால் படத்தில் ஒன்றும் ஆகாது, பூஞ்சை அப்படியில்லை, பரவும், கண்ணாடிப் பூச்சை அரிக்கும், மற்ற லென்ஸ்களை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் நிற்கும் மூடிய பெட்டியில் வைத்தால் இது அண்டாது.

ஒன்றே ஒன்றில் மட்டும் விளையாடாதீர்கள்: காணொளி பார்த்துப் பாடியைத் திறப்பது. உள்ளே ஃபிளாஷுக்கான மின்தேக்கி 300 வோல்ட் அளவில் மின்சாரத்தைப் பிடித்துவைத்திருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது போய்விடாது. கை போனால் ஸ்பேர் கிடைக்காது.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை: தொடுமுனை துடைப்பு, எஃப் 3.5-க்கும் எஃப் 8-க்குமான சோதனை, முக்காலிச் சோதனை, ஊதுகுடுவை. ஒரு மதியம் ஆகும். எஃப் 8-இல் மட்டும் எரர் வந்தால் அந்த ஜூம் லென்ஸைப் பழுதுபார்ப்பதைவிட அதே ரகத்தில் நல்ல நிலையில் உள்ள பழையது ஒன்று வாங்குவது பெரும்பாலும் லாபம், பாடியை வைத்துக்கொள்ளலாம். இரவல் லென்ஸ் போட்டும் எரர் வந்து, ஷட்டர் சோதனையிலும் படம் ஒரு பக்கம் இருண்டால், அப்போதுதான் சர்வீஸ். சோதனைப் படங்களையும் எரர் எண்ணையும் கையோடு கொண்டுபோங்கள்.